அண்ணனின் கையுறையை பெல்ட் இழுத்த நாள்

கை இருக்கிறது. ஐந்து விரலும் இருக்கிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை.

அண்ணன் காய்ச்சலில் இறந்துபோய் மூன்று மாதம். மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றியவன். அவனுடைய கம்பளிக் கையுறை வீட்டில் கிடந்தது. கந்தப்பளை மலைக் குளிரில் விரல் மரத்துப்போகிறது என்று அதை மாட்டிக்கொண்டு தேயிலை ஃபெக்டரிக்குப் போனேன். குளிருக்காக மட்டும் இல்லை. அதைப் போட்டால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது.

கொழுந்தை மாடிக்கு ஏற்றும் பெல்ட்டுக்குப் பக்கத்தில்தான் என் வேலை. மழையில் நனைந்த கொழுந்து, பெல்ட்டைச் சுழற்றும் உருளையில் ஒட்டிக்கொள்ளும். ‘மெஷினை நிறுத்திவிட்டுத் துடைக்கவும்’ என்று சுவரில் எழுதியிருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே அதை வாசிக்க முடியும். ஆனால் நிறுத்தினால் கீழே கொழுந்து குவிந்துவிடும். அதனால் யாரும் நிறுத்துவதில்லை. உருளையை மறைக்கும் கம்பி மூடியையும் கழுவக் கழற்றியவர்கள் திரும்பப் பூட்டவில்லை. வழிக்கச் சுலபம் என்று எங்களுக்கும் சந்தோஷம்!

"காலுக்குப் போடுற மேஸ கையில மாட்டிட்டு வந்துருக்கா பாரு," என்று சுவிட்ச் பக்கம் நிற்கும் அக்கா சிரித்தார்.

"ஒங்களுக்குப் பொறாமைக்கா," என்று சொல்லிக்கொண்டே உருளையில் ஒட்டியிருந்ததை வழித்தேன்.

கம்பளி மாட்டியது. ஒரே இழுப்பு! தோள் போய் இரும்பில் மோதியது. கத்தினேனா என்றுகூடத் தெரியாது. அக்கா சுவிட்சை அடித்துவிட்டு ஓடிவந்தபோது நான் தரையில் மல்லாந்து கிடந்தேன். கையுறை உருளைக்குள். கை என்னிடம்! அண்ணன் கை பெரியது. அவன் கையுறைக்குள் என் கை தொளதொளவென்று ஆடும். அதனால்தான் உருவிக்கொண்டு வந்துவிட்டது.

"இருக்குடி, இருக்கு!" அக்கா ஒவ்வொரு விரலாகத் தொட்டார். "மடக்கு. நீட்டு. இன்னொரு தடவ மடக்கு."

மடக்கினேன், நீட்டினேன், சிரித்தேன். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டே இருந்தது.

ஃபெக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஐயா வந்தார். "ஒன்ன யாரு கிளவுஸ் போடச் சொன்னது?"

"யாரும் சொல்லலங்க ஐயா. எங்கண்ணனோடது. போட்டது என் தப்புதான். ஆனா மூடி இருந்திருந்தா கையே உள்ள போயிருக்காதுங்களே."

"கொழுந்து குவியுது. மொதல்ல மெஷின போடு. மூடிய பொறகு பாப்போம்."

அக்கா சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றார். "அவ கை பொழச்சிருச்சுங்க. எனக்கு இருக்கதும் ரெண்டே கைதாங்க ஐயா. பூட்டுங்க, போடுறேன்."

ஐயா அவரைப் பார்த்தார். குவிந்த கொழுந்தைப் பார்த்தார். பிறகு ஃபிட்டரைக் கூப்பிட்டார்.

ஃபிட்டர் அண்ணன் உருளையில் சிக்கிய கையுறையை அறுத்து எடுத்துவிட்டு, மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாலு போல்ட். "நான் பூட்டுறேன்," என்று ஸ்பேனரைப் பறிக்காத குறையாக வாங்கினேன்.

"போதும்மா, ஒடைஞ்சிரும்," என்றார்.

இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.