தூக்கிப் பழக்காத தலைமை ஆயா

குழந்தைகள் காப்பகத்தின் தலைமை ஆயாவுக்கு ஒரே பெருமை: முப்பது தொட்டில் போட்ட கூடத்தில் ஊசி விழுந்தால் சத்தம் கேட்கும். பார்க்க வந்த பெரிய மனிதர்கள் மூக்கில் விரலை வைப்பார்கள். அவரும் ரகசியத்தை எடுத்துவிடுவார். "தூக்கிப் பழக்கிட்டா கீழ விடாதுங்க. நான் பழக்கவே விடமாட்டேன்."

அங்கே அதுதான் சட்டம். பால் புட்டியைச் சுருட்டிய துண்டின்மேல் சாய்த்து வாயில் வைத்துவிட்டு, ஆயாக்கள் அடுத்த தொட்டிலுக்கு ஓட வேண்டும். கொஞ்சினால் சீட்டு கிழிந்துவிடும். புதுக் குழந்தைகள் தொண்டை கிழியக் கத்தும். பத்துப் பதினைந்து நாளில் ஓய்ந்துவிடும். வராத ஆளை எத்தனை நாள்தான் கூப்பிடுவது? தலைமை ஆயா அதற்கு நல்ல வளர்ப்பு என்று பெயர் சூட்டியிருந்தார்.

கல்நெஞ்சக்காரி என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு காய்ச்சல் குழந்தைக்காக மூன்று நாள் வீட்டுப் பக்கமே போகாதவர். கூடத்திலேயே பரம சாதுவான இரண்டரை வயதுப் பெண் அவருடைய செல்லம், தூரத்துச் செல்லம்தான். அதற்கு ஒரு வீடு அமைய வேண்டுமென்று நாயாய் அலைந்து, மின்விசிறி பழுது பார்ப்பவர் ஒருவரையும் அவர் மனைவியையும் பிடித்திருந்தார். இவர்களும் கைவிட்டால் அதைக் கேட்க வேறு நாதியில்லை.

அழைத்துப்போக வந்த அன்று, குழந்தை அந்த மனைவியின் விரலைச் சட்டென்று பிடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா, யார் வந்தாலும் போவா. தங்கம்," என்றார் தலைமை ஆயா.

தங்கம் உடனே அந்த விரலை விட்டுவிட்டு, சிலிண்டர் இறக்க வந்த ஆளின் விரலைப் பிடித்துக்கொண்டு வண்டிவரை போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கணவர் ஓடிப்போய்க் கூட்டி வந்தார்.

மனைவியின் முகம் விழுந்துவிட்டது. "அக்கா, இவ யார்கிட்ட ரொம்ப ஒட்டுதல்? அவங்க ரெண்டு நாள் எங்க வீட்ல வந்து இருந்தா, பிள்ள சீக்கிரம் பழகிடும்."

ஆயாக்கள் தரையைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் தலைமை ஆயாவே குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். வழியில் கிடக்கும் முக்காலியைத் தாண்டுவதுபோல் குழந்தை அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவர் நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டு எழுந்தார்.

"யார்கிட்டயும் இல்லம்மா," என்றார்.

மனைவி குழந்தையை அள்ளி இடுப்பில் வைத்தாள். அதன் கால்கள் வளைந்து கொடுக்கவில்லை. கைகள் இரண்டும் தொங்கின.

"தூக்கினா பிடிச்சுக்கணும்னுகூட தெரியலையே இவளுக்கு."

குழந்தையின் கையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டாள். கை நழுவி விழுந்தது. மறுபடி போட்டாள். வாசலைக் கடந்து தெருமுனை திரும்பும்வரை அவள் அதைப் போட்டுக்கொண்டே போனதை, தலைமை ஆயா நின்று பார்த்தார்.