மெஷினில் வந்த டாலர்

அருப்புக்கோட்டை பஜாரில் ஒரு சேலைக் கடை. சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் நான், அக்காவுக்கு எடுத்த சேலைக்குக் கார்டை நீட்டுகிறேன். ரூபாயா, சிங்கப்பூர் டாலரா என்று மெஷின் கேட்கிறது. டாலரை அமுக்கினால், மாற்றித் தருவதற்கென்று கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள். எங்கே போனாலும் அந்த ஊர்ப் பணத்தையே அமுக்கச் சொல்லித்தான் மனைவி என்னை அனுப்பியிருக்கிறாள்.

"நம்ம கடையில டாலரு வருதே," என்று முகம் மலர்கிறார் கடைக்காரர். அவர் விரல் டாலர் பக்கம் போகிறது. நான் பதறி அவர் கையைப் பிடிக்கிறேன்.

"அண்ணாச்சி, ரூபாயை அமுக்குங்க. டாலர்ல போட்டா எனக்குத்தான் நஷ்டம்."

"அப்ப வேணாம். போட்டோ மட்டும் எடுத்துக்கிறேன்."

கண்ணாடியைத் தேடி மாட்டி, வெளிச்சத்துக்காக மெஷினோடு வாசலுக்குப் போகிறார். பக்கத்துப் பாத்திரக் கடைக்காரரும் வந்து எட்டிப் பார்க்கிறார். அதற்குள் நேரம் கடந்துவிட, மெஷின் கத்திவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிடுகிறது.

மறுபடியும் கார்டை நீட்டுகிறேன். அண்ணாச்சி வாங்காமல் செல்போனில் யாரையோ கூப்பிட்டுப் பேசுகிறார். பிறகு எனக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிறார்.

"செத்த உக்காருங்க. எங்க வீட்ல வந்துக்கிட்டு இருக்காக. அவுக டாலரைப் பாத்ததும் ரூவாயிலயே போட்டுருவோம்."