பாஸ்கரன் அண்ணைக்கும் திறக்காத பெட்டி

என் தங்கையின் மகள் றோஸ்மலரைப் பற்றி யாரைக் கேட்டாலும் வாயில்லாத பிள்ளை என்பார்கள். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் அவளுக்கு அடுத்த வீட்டில் இருக்கிற நான் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. வாய் இருக்கிறது. தேவையான இடத்துக்கென்று வைத்திருந்தாள், அவ்வளவுதான். அந்த இடம் கடைசியில், வீட்டுக்கு இணையம் தருகிற ஒரு றவுட்டர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது.

அவளுக்கு ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியில் வேலை. நோயாளிகளின் வைத்தியச் செலவுக் கடதாசிகளைப் பார்த்துப் பதிய வேண்டும். கணவன் யேசுரட்ணம் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காமல் விழுந்த பிறகு, அவனைத் தனியே விட்டுவிட்டு அலுவலகம் போய்வர முடியாது என்று மேலாளரிடம் சொன்னாள். அவர்களும் ஒரு லப்டொப்பைக் கொடுத்து வீட்டிலிருந்தே செய்யச் சொன்னார்கள். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் வேறு யாரும் எட்டிப் பார்க்க முடியாத மூடிய பாதை ஒன்று இருக்கிறதாம், அதற்கு வி.பி.என். என்று பெயராம். காலையில் அதைத் திறந்துகொண்டு வேலைக்கு உட்காருவாள். பக்கத்துக் கதிரையில் யேசுரட்ணம். கைப்பயிற்சிப் பந்தை அவன் நழுவவிட்டால் எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி தட்டுவாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு அந்தக் கொம்பனி, வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களின் இணைப்பையெல்லாம் சோதிக்கத் தொடங்கியது. சோதித்தவர் செல்வமணி. மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே வேலையில் நின்றுவிட்ட தமிழ்ப் பிள்ளை. றோஸ்மலர் போனை ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"அக்கா, உங்க வீட்டு ரவுட்டரோட செட்டிங் பக்கம் வெளியிலேர்ந்து அப்படியே திறக்குது. யாரு வேணும்னாலும் தட்டிப் பார்க்கலாம்."

"வி.பி.என். இருக்குத்தானே தம்பி?"

"பாதை நல்ல பாதைதான். ஆனா பெட்டியைப் பிடிச்சவன் உங்களை அந்தப் பாதைக்கு விடாம, அதே மாதிரி ஒரு பொய்ப் பக்கத்துக்குத் திருப்பிவிட முடியும். நீங்களும் ஆபீஸ்தான்னு நினைச்சு பாஸ்வேர்டை அடிச்சுக் கொடுத்துடுவீங்க. திங்கட்கிழமை மறுபடி பார்ப்பேன். அப்பவும் திறந்திருந்தா லேப்டாப்பை வாங்கிடுவாங்க, நீங்க ஆபீஸுக்குத்தான் வரணும். தமிழ் ஆளுன்னு நான் கண்ணை மூடிக்க முடியாதுலா."

"மூடச் சொல்லி நான் கேக்கேல்லையே. எதை அடைக்க வேணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

அவர் சொன்னார், அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

அந்த வழியைத் திறந்து வைத்தவன் கள்ளன் இல்லை, பாஸ்கரன். மோர்டனில் இருக்கிற யேசுரட்ணத்தின் சிநேகிதன். இந்தப் பக்கத்தில் எங்கள் ஆட்களின் பாதி வீடுகளுக்கு றவுட்டர் வைத்துக் கொடுத்தது அவன்தான். இணையம் வேலை செய்யவில்லை என்று போன் அடித்தால், மோர்டனில் தன் வீட்டில் இருந்தபடியே உள்ளே வந்து திருத்திவிடுவான். அதற்காகத்தான் எல்லா வீட்டிலும் அந்த வழியைத் திறந்து, எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டையும் போட்டிருந்தான். யேசுரட்ணம் விழுந்த அன்று காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவனும் அவனே. ஞாயிற்றுக்கிழமைகளில் றோஸ்மலர் மாதா கோயில் பூசைக்குப் போய்வரும்வரை நண்பனுக்குத் துணையாக வந்து இருப்பான். அப்பேர்ப்பட்டவனிடம் உன் வழியை அடைக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? அவள் சொல்லவில்லை. பேசாமல் புதுப் பாஸ்வேர்ட் போட்டு, வெளி வழியை அடைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை செல்வமணி போன் அடித்தார். "திறந்துதான் இருக்கு, அக்கா."

"நான் அடைச்சனான் தம்பி."

"இப்ப நான் அதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

றோஸ்மலர் கணவன் பக்கம் திரும்பினாள். "நேற்று ஆரும் பெட்டியைத் தொட்டவையோ?"

யேசுரட்ணத்துக்கு அப்போதும் சொல் இழுத்து இழுத்துத்தான் வரும். "பாஸ்கரன்... பெட்டி பழுதெண்டான்... ஊசியாலை குத்தினவன்."

விசயம் இதுதான். தன் வீட்டிலிருந்து உள்ளே வர முடியவில்லை என்றதும் பெட்டி பழுதாகிவிட்டது என்று பாஸ்கரன் நினைத்திருக்கிறான். ஞாயிறு வந்த இடத்தில், பின்பக்கத் துளையில் ஊசியைக் குத்தி, அவள் செய்ததையெல்லாம் அழித்துத் தன் பழைய ஒழுங்கையே திரும்பப் போட்டுவிட்டான். முழுக்க முழுக்க உதவி.

செல்வமணி மறுநாள் காலைவரை தவணை தந்தார். அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றார்.

"பெட்டியைப் பூட்டலாம் பெரியம்மா. பாஸ்கரன் அண்ணையை என்னெண்டு பூட்டுறது?"

"நான் கதைக்கட்டோ?"

"வேண்டாம். இது என்ரை வேலை."

பின்னேரம் அவனை வரச் சொன்னாள். சிரித்துக்கொண்டே வந்தான்.

"என்ன தங்கச்சி, திரும்பவும் பழுதோ?"

"பழுதில்லை அண்ணை. அடைச்சது நான். நீங்கள் திறந்துபோட்டியள்."

அவனுடைய முகம் கறுத்துவிட்டது. "ஏன், நான் உள்ளுக்கு வந்து களவெடுத்துப் போடுவன் எண்டு பயமோ?"

"உங்களிட்டை இவரையே விட்டிட்டுப் போறனான். உங்களை நம்பிறன். ஆனா நீங்கள் வாற வழியாலை வேற ஆர் வருகினம் எண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

"கொம்பனிக்காரர் சும்மா வெருட்டுறாங்கள். எத்தினை வீட்டுக்குச் செய்து குடுத்திருக்கிறன். ஒரு கள்ளன் வந்தவனோ?"

"வந்திருந்தால் உங்களுக்குச் சொல்லிப்போட்டோ வந்திருப்பான்?"

யேசுரட்ணம் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டான். பாஸ்கரன் கார்த் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பினான்.

"அப்ப இந்த வீட்டிலை எனக்கு இனி வேலை இல்லை."

"இருக்கு. இருங்கோ அண்ணை."

அவள் குரல் அப்படி உயர்ந்ததை நான் அன்றுதான் கேட்டேன். அவனும் இருந்துவிட்டான். அவன் அங்கே இருக்கும்போதே, திரையை மறைத்துக்கொண்டு புதுப் பாஸ்வேர்ட் போட்டாள், வெளி வழியை அடைத்தாள். பிறகு திரும்பினாள்.

"இப்ப வீட்டை போய் உள்ளுக்கு வரப் பாருங்கோ. உந்த வழி உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி ஒருத்தருக்கும் தெரியாது. உங்களாலை ஏலாதெண்டால் எனக்கு நிம்மதி. ஊசியை மட்டும் இனித் தொடாதேங்கோ. இந்த வேலை போனால் இவரை ஆர் பாக்கிறது?"

காரை எடுத்துக்கொண்டு போனான். போனவன் விட்டான் என்று நான் நினைக்கவில்லை. அவனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவி முடிக்கிற நேரம் போன் அடித்தது.

"பழைய பாஸ்வேர்ட் எடுக்குதில்லை. வேற பக்கத்தாலையும் வந்து பாத்தனான். அங்கை ஒரு பெட்டி இருக்கிற மாதிரியே தெரியேல்லை. வடிவாய்த்தான் அடைச்சிருக்கிறாய் தங்கச்சி. என்னென்ன செய்தனி எண்டு ஒருக்கால் சொல்லு. மற்ற வீடுகளையும் நான் அடைக்க வேணும்."

அவள் சொல்லச் சொல்ல அவன் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கிழமையே வீடு வீடாக ஏறி இறங்கி அடைத்தும் விட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை செல்வமணியின் குரலிலேயே விசயம் தெரிந்துவிட்டது. "எல்லாப் பக்கமும் தட்டிப் பார்த்துட்டேன், அக்கா. ஒண்ணும் திறக்கலை. நீங்க வீட்டிலேர்ந்தே செய்யலாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

போனை வைத்துவிட்டு றோஸ்மலர் இரண்டு கையையும் மேலே தூக்கினாள். யேசுரட்ணம் ஏலுமான கையைத் தூக்கினான்.

"அப்ப... போக வேண்டாமோ?"

"ஒரு இடமும் போக வேண்டாம்."

"எண்டால்... ஒரு ரீ போடு."

"எனக்கு வேலை தொடங்குது. பெரியம்மா போடுவா."

நான் போய்த் தேநீர் போட்டேன். கொண்டுவந்து வைத்தபோது அவள் அன்றைய முதல் கடதாசியைப் பதிந்து முடித்துவிட்டு அடுத்ததைத் திறந்துகொண்டிருந்தாள்.