மச்சானுக்கு வைத்த டிப்ஸ்

பிள்ளைகளே, ஓட்டலில் டிப்ஸ் வைப்பதற்கு நான் இவ்வளவு நேரம் யோசிப்பதைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறீர்கள். அதற்குக் காரணம் உங்கள் அம்மாதான்.

கல்யாணமான புதிது. மானாம்பதியிலிருந்து பஸ் ஏறி உத்திரமேரூர் வந்திருந்தோம். ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசியது. பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இட்லி ஆவி காலை வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் தண்ணீருக்குள் அசைகிறவர்கள் போலத் தெரிந்தார்கள். அம்மா அதுவரை ஓட்டலுக்குள் கால் வைத்ததில்லை.

எனக்கோ உள்ளுக்குள் பயம். நான் முன்பே அங்கே சாப்பிட்டிருக்கிறேன். அந்த ஓட்டல் சப்ளையர் நெல் வியாபாரிகளை விழுந்து விழுந்து கவனிப்பார். அவர்களும் டம்ளருக்கு அடியில் காசு வைத்துவிட்டுப் போவார்கள். என்னைப் போலக் கூலிக்குப் போகிறவன் உட்கார்ந்தால் டம்ளரை டொக்கென்று வைப்பார். நானும் காசு வைத்ததில்லை. அந்த டொக்கை இவள் கேட்டுவிடக் கூடாதே என்றிருந்தது.

சத்தமே வரவில்லை. டம்ளர் பூப்போல இறங்கியது.

"இன்னா சாப்பிட்ற தங்கச்சி?"

அம்மா தலை நிமிராமல், "அண்ணன் எது குடுத்தாலும் சரி" என்றாள்.

"அப்டின்னா நாலு இட்லி. மாப்ளைக்கு ரெண்டு போதும், இப்பவே முழிச்சிக்கினு கீறாரு!"

பக்கத்து மேசை சிரித்தது. நானும் சிரித்தேன். சாம்பார் வாளி கேட்காமலே திரும்பத் திரும்ப வந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா இலையைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நாங்கள் வேலைக்குப் போகும் வீடுகளில், சாப்பிட்ட இலையை நாங்களேதான் எடுத்துப் போட வேண்டும். அந்தப் பழக்கம். சிரித்த மேசை இப்போது பார்த்தது. எனக்குக் காது சுட்டது.

சப்ளையர் ஓடிவந்து இலையை வாங்கிக்கொண்டார். "உடு தங்கச்சி. அண்ணன் வூட்ல இதெல்லாம் நீ பண்ணுவியா? போயி கை கய்வு."

கல்லாவில் பணம் கட்டிவிட்டு, ஒரு நாணயத்தை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"இன்னாத்துக்கு?"

"டிப்ஸு. நல்லா கவனிச்சாருல்ல?"

"அண்ணன்னு சொன்னவருக்கு யாருனா கூலி குடுப்பாங்களா?"

அவள் சொன்னது நியாயம். ஆனால் அவரும் என்னைப் போல உடம்பை நம்பிப் பிழைக்கிறவர்தானே.

அவளைப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்து, தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கினேன். பெட்டிக்கடையில் வெற்றிலை பாக்கு வாங்கினேன். சப்ளையர் சமையல்கட்டுக்குள் இருந்தார். நாங்கள் உட்கார்ந்த மேசையில் வெற்றிலையை விரித்து, பாக்கோடு நாணயத்தையும் வைத்தேன், மச்சானுக்கு முறை செய்வது போல. பிறகு காலி டம்ளரை எடுத்து, சத்தம் வராமல், அதன்மேல் கவிழ்த்தேன்.