கால்கள் மட்டும் வளர்ந்த கோடை

ஏழாம் வகுப்பு முடியும் வரை செலியமேட்டில் என்னைவிட வேகமாக ஓடிய பெண் கிடையாது. பையன்களிலும் அதிகம் பேர் இல்லை. நூறு மீட்டரில் நான் ஜெயிக்கும்போதெல்லாம் எங்கள் பி.டி. சார் "எல்லாம் என் கோச்சிங்" என்பார். அவருடைய கோச்சிங் மிக நுட்பமானது. விசில் ஊதி "ஓடு" என்பார். ஓடி முடித்தால் "இன்னும் வேகமா ஓடு" என்பார்.

எட்டாம் வகுப்புக்கு முந்தைய கோடை விடுமுறையில் நான் வளர்ந்தேன். ஒழுங்காக வளர்ந்திருந்தால் பரவாயில்லை. கால்கள் மட்டும் தனியாக முடிவெடுத்து வளர்ந்தன. சுடிதார் பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. வாசற்படியில் இடித்துக்கொண்டேன், தண்ணீர்க் குடத்தோடு விழுந்தேன். பள்ளி திறந்து மைதானத்தில் இறங்கியபோது, வேறு யாருடைய கால்களையோ இரவல் வாங்கி ஓடுவது போலிருந்தது. எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் இப்போது முதுகைக் காட்டினார்கள். முழங்காலுக்குக் கீழே வலி வேறு.

சார் என்னை ஏற இறங்கப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"இன்னாடி, தின்னு தின்னு கொழுப்பு ஏறிப்போச்சா?"

நான் அப்போது துடைப்பக் குச்சி மாதிரி இருந்தேன். பக்கத்து வீட்டு அத்தை, கண்ணு பட்டுவிட்டது என்றார். மாமா, செல்போன்தான் காரணம் என்றார். எங்கள் வீட்டில் இருந்த ஒரே செல்போன் அவரிடம்தான் இருந்தது. கரும்பு வெட்டிக் களைத்து வந்த அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். வீடே இருமியது, கால் மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியில் பாகூரில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். "எலும்பு வேகமா வளருது, சதை மெதுவாத்தான் பின்னால வரும். கொஞ்ச நாளைக்கு ஓட்டத்தைக் குறைச்சுக்கோ, தானா சரியாயிடும்."

இதைச் சாரிடம் சொன்னேன்.

"எலும்பு வளருதாமா! எனக்குந்தான் வளர்ந்துச்சு. நான் ஓடல?"

அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. பைக்கிலிருந்து நாற்காலி வரை நடந்துதான் பார்த்திருக்கிறோம். "பொண்ணு பெரியவளாயிட்டா அவ்ளோதான், இனிமே ஓட்டம் வராது" என்று என்னை அணியிலிருந்து எடுத்துவிட்டார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அதைக் கிண்டலாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

சாரின் மகன் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தான். தடை தாண்டும் ஓட்டத்தில் கெட்டிக்காரன். அடுத்த வருடம் அவனுக்கும் கால் நீண்டது. ஒரு தடையைக்கூட விட்டுவைக்காமல் இடித்துத் தள்ளிக்கொண்டே ஓடினான்.

அதற்கடுத்து வந்த பெற்றோர் கூட்டத்தில் சார் மைக்கைப் பிடித்தார். "இந்த வயசுல பசங்க ஒடம்பு திடீர்னு வளரும். புதுக் கை காலோட பழகிக்க மூளைக்கு டைம் வேணும். நாமதான் பொறுமையா இருக்கணும். திட்டவே கூடாது."

அம்மா எழுந்தாள். அதுவரை எந்தக் கூட்டத்திலும் அவள் வாய் திறந்ததில்லை.

"அப்போ எம்பொண்ணுக்கு மட்டும் இன்னா சார், கொழுப்பா?"

சார் மைக்கைத் தட்டிப் பார்த்தார். அது நன்றாகத்தான் வேலை செய்தது. "அது வந்து... பொண்ணுங்களுக்கு வேற மாதிரிம்மா."

"இன்னா வேற மாதிரி? ரெண்டு பேருக்கும் எலும்புதான சார்?"

பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. தலைமையாசிரியை அவசரமாக டீ கொடுக்கச் சொன்னார்.

மறுநாள் சார் என்னைக் கூப்பிட்டு, "சாயந்தரம் கிரவுண்டுக்கு வா. வலிச்சா நிறுத்திடு" என்றார். மன்னிப்பு அவர் பாடத்திட்டத்தில் இல்லை. எனக்குக் கோபம் இருந்தது, ஆனால் ஓடும் ஆசை அதைவிட அதிகம் இருந்ததால் போனேன். சார் மகனும் நானும் இரண்டு நாரைகள் மாதிரி மைதானத்தைச் சுற்றி வந்தோம்.

பழைய வேகம் எனக்குத் திரும்பவே இல்லை. ஆனால் நீளமான கால்களுக்கு நீளமான தூரம் ஒத்துப்போனது. பத்தாம் வகுப்பில் வில்லியனூரில் நடந்த போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓடி இரண்டாவதாக வந்தேன். கோட்டைத் தாண்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, சார் வேறொரு பள்ளி ஆசிரியரிடம் விளக்குவது காதில் விழுந்தது.

"வளர்ற நேரத்துல நான்தான் இவளுக்கு ரெஸ்ட் குடுத்து வெச்சேன். அதான் சயின்ஸு."

எனக்குப் பேச மூச்சு இல்லை. பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு அந்தச் சிரமம் இல்லை.