பைக்குள் இருந்த பென் டிரைவ்

மூணாறு பக்கம், சாந்தன்பாறைக்கு மேலே இருக்கும் சாகசப் பூங்காவில் போட்டோ கவுண்டர் என்னுடையது. கம்பியில் தொங்கியபடி பள்ளத்தாக்கைக் கடப்பவர்களைக் கேமராக்காரர் படம் எடுப்பார். அவர்கள் இறங்கி வந்ததும் நான் கம்ப்யூட்டரில் படத்தைத் தேடிப் பிரிண்ட் போட்டுக் கொடுக்க வேண்டும். பூங்கா திறந்ததிலிருந்து எடுத்த படங்களெல்லாம் ஒரே ஃபோல்டரில் கிடந்தன. அதைத் திறந்தால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மேனேஜர் அந்த வட்டத்தைப் பார்க்கமாட்டார், என்னைத்தான் பார்ப்பார். பத்தாவது முடித்து, எஸ்டேட்டில் கொழுந்து பறித்துவிட்டு இங்கே வந்தவள் நான். வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி சொல்வார்: "கொழுந்து கிள்ளின கை சார். மவுஸ்ல மெல்லத்தான் ஓடும்." அவர்கள் சிரிப்பார்கள். நான் அடுத்த படத்தைத் தேடுவேன். ஓணம் முடிந்ததும் என்னைச் சாப்பாட்டுக்கூடம் துடைக்க அனுப்பிவிடலாம் என்று முதலாளியிடமும் சொல்லி வைத்திருந்தார்.

ஓணத்துக்கு முன்பு, பில் போடும் புரோகிராமைச் சரிசெய்யக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு, தானாகவே என் புரோகிராமையும் பிரித்தார். அது ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகப் போய்த் தேதி கேட்டுக்கொண்டிருந்ததாம். விண்டோஸுக்குள்ளேயே சி மொழி ஃபங்ஷன் ஒன்று இருக்கிறதாம், அதை நேராகக் கூப்பிட்டால் பெயர், தேதி எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்துவிடுமாம். எஸ்டேட் லயத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டி ஆள் கேட்பதற்கும், காலை மஸ்டரில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஒரே பார்வையில் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று நான் புரிந்துகொண்டேன். மாற்றிய பிறகு, அழுத்தி விரலை எடுப்பதற்குள் படங்கள் வந்து நின்றன.

"மேனேஜர் ரூமு பூட்டியிருக்குதுங்க அக்கா. அவர் வந்ததும் இத அந்த மெஷின்லயும் போட்டுருங்க" என்று, மாற்றிய புரோகிராமை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் போடவில்லை.

ஓணத்தன்று முதலாளி வந்திருந்தார். கை என்றால் எப்படி ஓட வேண்டும் என்று காட்டுவதற்காகவே மேனேஜர் தன் அறை ஜன்னலைத் திறந்து இரண்டாவது வரிசை ஆரம்பித்தார். அவரும் அதே ஃபோல்டரைத்தான் திறந்தார், ஆனால் பழைய புரோகிராமில். வட்டம் சுற்றியது. என் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. அவருக்கு எதிரே நின்ற, சுற்றுலா வந்த ஒருவர் நிதானமாகக் கேட்டார்: "ஏனுங்க, நாங்க மூணாறு போய்ட்டு வந்துரட்டுங்களா?" அந்த வரிசையே சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக என் பக்கம் நகர்ந்தார்கள். முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் எழுந்து வந்து, குனிந்து என் காதருகில் கேட்டார்: "உன் மெஷின்ல என்ன பண்ணி வச்சிருக்க?"

பென் டிரைவ் என் மடியில் இருந்த பைக்குள்தான் இருந்தது. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மெஷின்ல என்ன சார் இருக்கு? கைதான்."

வரிசைக்குக் கேட்கும் அளவுக்குச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவருடைய காது சிவந்ததை ஓரக்கண்ணால் நன்றாகப் பார்த்தேன். அவரது ஜன்னலை மூடச் சொன்னவர் முதலாளி. சாப்பாட்டுக்கூடப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

கவுண்டரில் இன்றும் நான்தான் இருக்கிறேன். அவர் அறையில் இன்றும் வட்டம் சுற்றுகிறது. பென் டிரைவை வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். அவர் கேட்டால் கொடுப்பேன். என்னிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.