விளிம்பில் இரண்டு வெட்டு

பதின்மூன்று வயதில் நான் ஒரு பெண்பிள்ளைக்குக் கள்ளி என்ற பேரை வாங்கிக்கொடுத்தேன். அவள் எதையும் எடுக்கவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வரப்போகும் மழையும் பஸ் பயணமும் பூச்சியுருண்டை வாசனையும் படிக்கிறவர்களுக்கு என்மேல் இரக்கத்தை உண்டாக்கிவிடலாம்; அதற்கு நான் உரியவனில்லை.

அந்தப் பூச்சியுருண்டை வாசனை, பதுளை நகரில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான அலுமாரியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும். போத்தலில் ஊறிய பாம்பு, காய்ந்த கடற்குதிரை, தூசி படிந்த ஆந்தை, இவற்றின் நடுவே பஞ்சின்மேல் ஒரு வெள்ளைத் தட்டு இருந்தது. உள்ளங்கை அகலம், மேலே யாரோ ஊசியால் குத்திக் குத்தி வரைந்ததுபோல ஐந்து இதழ் கொண்ட பூ, பூவின் ஒரு பக்கத்தில், விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, இரண்டு நீளத் துளைகள். ஆங்கிலத்தில் இதை மணல் டொலர் என்கிறார்கள். டொலரைக் கண்டிராத எங்களுக்கு அது ரொட்டியாகத்தான் தெரிந்தது. "கடல் ரொட்டி" என்ற பேரை முதலில் சொன்னவள் முத்தாயி.

முத்தாயி ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்த பிள்ளை. நான் அதே தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகன். ஐந்தாம் வகுப்போடு தோட்டப் பள்ளிக்கூடம் முடிந்துவிட, அங்கிருந்து நகரத்துக்குப் படிக்க வந்தவர்கள் அந்த வருடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரே பஸ், ஒரே வகுப்பு. அவள் என்னை "நீங்க" என்பாள். நான் அவளை "நீ" என்பேன். அதில் ஏதும் பிழையிருப்பதாக எங்கள் இருவருக்குமே தோன்றியதில்லை.

அலுமாரியிலிருந்த கடல் ரொட்டியை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த மாஸ்டர் தன் ஊர்க் கரையில் பொறுக்கிக் கொண்டுவந்திருந்தார். அது கல்லா, செடியா, மிருகமா என்று ஒருநாள் கேட்டார். வகுப்பில் பாதிப் பேர் கல் என்றார்கள், பூவைப் பார்த்த மீதிப் பேர் செடி என்றார்கள். முத்தாயி எழுந்து, "உயிருங்க சேர். அடியில வாய் இருக்கு" என்றாள். மாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உவள் ஒருத்திதான் திருப்பிப் பார்த்திருக்கிறாள்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. நானும் திருப்பிப் பார்த்திருந்தேன். வாய் என்று தெரியவில்லை.

நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் கடல் அட்டைக்கும் இது சொந்தம். முட்தோலிகள் என்ற கூட்டத்தில், முள்ளெலிகளின் வகுப்பில் இதற்கு இடம். உருண்டையான முள்ளெலிக்கு வாய் கீழே நடுவிலும் கழிவாய் உச்சியிலும் இருக்கும். எந்தப் பக்கத்தை முன்பக்கம் என்று சொல்வது என்று தெரியாத உடம்பு அது. கடல் ரொட்டியிலோ கழிவாய் உச்சியை விட்டு இறங்கி அடிப்பக்கத்துக்கு வந்துவிட்டது. அதனால் ஐந்து பக்கம் கொண்ட உடம்புக்கு ஒரு முன்னும் பின்னும் உண்டாகிவிட்டன. வகைப்படுத்துகிறவர்கள் இதை ஒழுங்கற்ற முள்ளெலி என்கிறார்கள். உயிரோடிருக்கும்போது இது வெள்ளையே இல்லை. மண்ணிறத்திலோ ஊதாவிலோ மயிர்போல மெல்லிய முட்கள் வெல்வெட்டாக மூடியிருக்கும்; மணலுக்குள் புதைந்து அந்த முட்களாலேயே நகரும்; பூவிதழ் என்று நாம் பார்ப்பது மூச்சுவிடும் நுண்கால்கள் வெளியே வரும் துளைகளின் வரிசை. நாம் கரையில் பொறுக்குவது முட்கள் உதிர்ந்து வெயிலில் வெளுத்த கூட்டை. இதையெல்லாம் நான் நாற்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன்.

மாஸ்டர் வகுப்புக்குக் கரும்பலகையில் ஒரு வட்டமும் பூவும் கீறிக் காட்டினார். எல்லோரும் அதைப் பார்த்துக் கொப்பியில் கீறினார்கள். அலுமாரித் திறப்பை, அதாவது சாவியை, வைத்திருக்கும் பொறுப்பு என்னுடையதாக இருந்ததால், உண்மையானதை மேசையில் வைத்துப் பார்த்துக் கீற என்னை மட்டும் விட்டார். "நினைச்சுக் கீறாதை, பார்த்துக் கீறு" என்றார். நான் பார்த்துத்தான் கீறினேன். இரண்டு துளைகளையும் அளந்து, மூடிய துளைகளாக, விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதுவரை கீறினேன். அடுத்த தவணையில் மாஸ்டர் மாற்றலாகி ஊருக்குப் போய்விட்டார்.

போகுமுன் அவர் சொன்ன ஒன்று எனக்குள் கிடந்து அரித்தது. ரொட்டியைக் காதருகே ஆட்டினால் உள்ளே கலகலக்கும்; அவை ஐந்து தாடைத் துண்டுகள், ஒவ்வொன்றும் சிறகு விரித்த குருவிபோல இருக்கும் என்றார். ஒரு மத்தியானம் தனியாக அலுமாரியைத் திறந்து ஆட்டிப் பார்த்தேன். அப்புறம் விரலால் அழுத்தினேன். அப்பளம் நொறுங்கும் சத்தம்தான் கேட்டது. குருவிகளும் என் பெருவிரலுக்கடியில் பொடியாகியிருந்தன. துண்டுகளைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டுபோய், பாலத்திலிருந்து பதுளு ஓயா ஆற்றில் உதறினேன்.

அதற்கு ஒரு வாரத்துக்கு முன்புதான் முத்தாயி பஸ்ஸில் ஒரு பால்மா டின்னைத் திறந்து காட்டியிருந்தாள். உள்ளே பழைய சேலைத் துணியில் சுற்றிய இன்னொரு கடல் ரொட்டி. அவளுடைய அப்பா கருப்பையா, பதுளைக் கடைத்தெரு முதலாளி ஒருவரின் லொறியில், கருவாடு ஏற்ற மட்டக்களப்புக்கு அப்பால் கடற்கரைக்குப் போனபோது மகளுக்கென்று எடுத்து வந்தது.

"சேரோடது மாதிரியே இருக்கு" என்றேன்.

"இல்லீங்க, நல்லாப் பாருங்க. அதுல ஓட்ட. இதுல ஓரம் வரைக்கும் வெட்டுப் போவுது" என்றாள்.

அவள் சொன்னது சரி. விளிம்பிலிருந்து இரண்டு பிளவுகள் உள்நோக்கி ஓடின. இரண்டும் நெருங்கிய உறவுள்ள, வெவ்வேறு இனங்கள் என்று படித்துத் தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடமானது. அவளுக்குப் பஸ் ஸ்பிரிங்வெளி வந்துசேரும் நேரம் போதுமாயிருந்தது.

பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் வித்தியாதிகாரி வருகிறார் என்று அலுமாரிச் சாமான்களை இருப்புப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். கடல் ரொட்டி இல்லை. அதிபர் என்னைக் கூப்பிட்டார், திறப்பு என்னிடம்தானே. அவர் கையில் பிரம்பு இருந்தது. நான் சொன்னேன்: "முத்தாயிகிட்ட ஒண்ணு இருக்குங்க சேர்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இந்த வயதுவரை நான் பேசியதில் அதைவிடப் பெரிய பொய்யும் இல்லை.

டின் மேசைக்கு வந்தது. மலையிலேயே பிறந்து வளர்ந்த அந்த மனிதர் பள்ளிக்கூட அலுமாரிக்கு வெளியே அப்படியொன்றைக் கண்டதில்லை. உலகத்திலே கடல் ரொட்டி ஒன்றுதான், அது தன் அலுமாரியில் இருந்ததுதான் என்று அவர் நம்பியதில் வியப்பில்லை. கையில் எடுத்துத் திருப்பினார். விளிம்பின் இரண்டு வெட்டுகளும் கண்ணில் பட்டன. "எடுத்தது மட்டுமில்லாம ரெண்டு எடத்துல ஒடச்சும் வச்சிருக்கே" என்றார்.

"ஒடயலீங்க சேர், அது பொறப்பே அப்பிடி" என்று அழுதாள் முத்தாயி. பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் நம்பிக்கை இருந்தது. "இவரு பாத்துக் கீறியிருக்காருங்க. இவரு கொப்பியப் பாருங்க சேர், அதுல ஓட்டதான் இருக்கும்."

கொப்பியை எடுத்துவர என்னை அனுப்பினார்கள். வகுப்புக்கும் அதிபர் அறைக்கும் இடையில் ஒரு தாழ்வாரம், நல்ல மழை. அந்தத் தாழ்வாரத்தில் நின்று அந்தத் தாளைச் சத்தம் வராமல் கிழித்து மடித்துச் சட்டைக்குள் செருகினேன். அறைக்குள் போய், "நான் அதக் கீறலீங்க சேர்" என்றேன்.

மறுநாள் கருப்பையா வந்தார். கடற்கரையில் தானே எடுத்ததாகச் சொன்னார். "லயத்துக்காரனுக்குக் கடல்ல என்னப்பா வேல?" என்று அதிபர் கேட்டார், அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். "நீங்க திங்கிற கருவாடு எங்கேருந்துங்க வருது? நாங்கதானுங்களே போயி ஏத்துறோம்" என்றார் கருப்பையா. அது வாய்க்கொழுப்பாக எடுத்துக்கொள்ளப்பட்டது. மகளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வேலைக்குரிய வயது வந்ததும் தோட்டத்தில் முத்தாயிக்குப் பேர் பதிந்தார்கள், முதுகில் கொழுந்துக் கூடை ஏறியது. அவளுடைய கடல் ரொட்டி அலுமாரியில் இருந்தது. அதற்குப் புதுச் சீட்டு எழுதியது நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும். "மணல் டொலர். சேதமடைந்தது" என்று எழுதினேன்.

சில இனங்களில் அந்தத் துளை முதலில் விளிம்பில் ஒரு வெட்டாகத் தோன்றி, வளர வளர மூடிக்கொள்ளும். அது உயிரோடிருக்கும்போது நடப்பது. செத்த கூட்டில் எதுவும் மூடுவதில்லை.

போன வருடம், மனைவி இறந்த பிறகு, கிழித்த தாளை எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இப்போதைய அதிபர் ஓர் இளம் பெண். நான் எழுதிக் கொண்டுபோன வாக்குமூலத்தை அவர் நின்றுகொண்டே படித்தார். அலுமாரி களஞ்சிய அறையில் உடைந்த கதிரைகளுக்குப் பின்னால் இருந்தது. பாம்பு இல்லை, ஆந்தை இல்லை. கடல் ரொட்டி அவளுடைய அந்தப் பால்மா டின்னிலேயே இருந்தது. என் சீட்டும் இருந்தது. "கொண்டுபோய்க் குடுங்க சேர்" என்றார்.

முத்தாயி அதே லயத்தில், கடைசிக் காம்பராவில் மகளோடு இருக்கிறாள். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "முத்தாயி, நீ..." என்று தொடங்கி, "நீங்க..." என்று திருத்திக்கொண்டேன்.

"பரவால்ல, நீன்னே சொல்லுங்க. இப்ப மாத்தி என்ன ஆவப்போவுது? கணக்கப்புள்ள மகன்தானே?" என்றாள்.

டின்னைக் கொடுத்தேன். கடல் ரொட்டியைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினாள். கலகலத்தது. "அதுக்கு இன்னும் பல்லு இருக்கு. எனக்குத்தான் கொட்டிருச்சு" என்று சிரித்தாள். தாளை விரித்துக் காட்டினேன். துளைகளின்மேல் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீறியிருக்கீங்க" என்றாள். பிறகு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். "அப்பா மறுபடியும் லொறியில போனாரு. சாட்சிக்கு இன்னொண்ணு வேணும்னு. மூணாந்தரம் போனப்பதான் கெடச்சிச்சு, இதே மாதிரி ரெண்டு வெட்டோட. இஸ்கூலுக்குக் கொண்டுபோயிக் காட்டுனாரு. பெரிய சேர் என்ன சொன்னாரு தெரியுமா? 'இதுவும் ஒடஞ்சுதானே இருக்கு'ன்னாரு. வர்ற வழியில ஓயாவுல வீசிட்டு வந்துட்டாரு."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. தேத்தண்ணி கொடுத்தாள், குடித்தேன். அதோடு வந்திருக்கலாம். ஆனால் எனக்கு அது போதவில்லை. கருப்பையா தலைகுனிந்து நின்ற இடம் பெரட்டுக் களம், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் அந்த இடத்தில் அவரைப் பார்த்து "கடல் ரொட்டிக் கள்ளன்" என்று கூவியவர்கள் உண்டு என்று சிறுவயதில் கேள்விப்பட்டிருந்தேன். அதே களத்தில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லவேண்டும் என்று நானாக முடிவுசெய்தேன். முத்தாயியிடம் கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில், அனுமதி வாங்கிக்கொண்டு, தூறலில் நின்ற ஐம்பது அறுபது பேர் முன்னால் பேசினேன். வகுப்பெடுத்த பழக்கம், மூடிய துளை, திறந்த வெட்டு என்று விளக்கினேன். முத்தாயி களவெடுக்கவில்லை, அவளுடைய தகப்பன் கருப்பையா பொய் சொல்லவில்லை என்றேன்.

"எந்தக் கருப்பையாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"வீட்டுக் காணி விசயமா பேசுறாருன்னு நெனச்சேன்" என்றாள் ஒரு பெண் பக்கத்தவளிடம்.

"நேரமாச்சு, மலைக்கு ஏறுங்க" என்றார் கங்காணி. எல்லோரும் போய்விட்டார்கள்.

அன்றைய பொய்யைக் கேட்ட ஒருவர்கூட அந்தக் களத்தில் இல்லை. பழைய ஆட்களில் செத்தவர்கள் பாதி, இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் மீதி. அந்தக் கதை அவர்களோடு போய்ச் சேர்ந்திருந்தது. மழையிரைச்சலில் அரைகுறையாகக் காதில் விழுந்ததை இளையவர்கள் மலைக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானத்துக்குள் லயமெங்கும் பரவியது: முத்தாயிக் கிழவி சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் களவெடுத்துப் பிடிபட்டதாம்.

நான் இரண்டு நாள் கழித்துப் போனபோது முத்தாயி வாசலில் இல்லை. மகள்தான் வந்தாள். "அம்மா படுத்திருக்கு. புள்ளைங்க வாசல்ல நின்னு கேலி பண்ணுதுங்க" என்றாள். உள்ளேயிருந்து முத்தாயியின் குரல் வந்தது, கோபமில்லாமல்: "அவரப் போகச் சொல்லு. எங்கப்பாவோட போனதத் திரும்பக் கொண்டாந்து வச்சிட்டாரு. இனி வரவேணாம்னு சொல்லு."

இப்போது என் மேசையில் கிழித்த தாள் மட்டும் இருக்கிறது. மாஸ்டர் இல்லை, அந்த அதிபர் இல்லை, கருப்பையா இல்லை. அலுமாரியையும் விறகுக்குக் கொடுத்துவிட்டார்களாம். தாளின் மறுபக்கம் வெறுமையாக இருக்கிறது. அதில் முத்தாயியின் கடல் ரொட்டியை, இரண்டு வெட்டுகளோடு, கீறிவைக்கலாம் என்று பென்சிலைச் சீவினேன். அந்த வெட்டுகள் உள்ளே எவ்வளவு தூரம் போகின்றன, நேராகப் போகின்றனவா வளைந்தா என்று நினைவில்லை. பஸ்ஸில் அவள் காட்டியபோதும், சீட்டு எழுதியபோதும், போன வருடம் கையில் வைத்து மலையேறிக் கொண்டுபோனபோதும் நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.